எலிசபெத்துக்கு டார்சி மேல் காதல் வந்தது எப்போது?

ஜேன் ஆஸ்டனின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' படித்தவர்கள் இந்தக் கேள்வியில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். கதாநாயகி எலிசபெத் பென்னட்டுக்குப் பணக்கார நிலச்சுவான்தார் டார்சி மேல் முதலிலிருந்தே உள்ளுக்குள் ஆசைதான், வாயால்தான் சண்டை போட்டாள் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் சும்மா, அவனுடைய பெம்பர்லி மாளிகையைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. நாவலில் தேதிகளை வைத்துப் பார்த்தால் வேறொரு விஷயம் தெரியும். ஏப்ரலில் 'உலகத்திலேயே உன்னைத்தான் கடைசியாகக் கட்டிக்கொள்வேன்' என்கிற மாதிரி பேசி அவனைத் திருப்பி அனுப்பியவள், இலையுதிர் காலத்தில் சம்மதம் சொல்லும் வரைக்கும் அவனை நேரில் பார்ப்பது ரொம்பக் கொஞ்சம். கோடையில் பெம்பர்லி பக்கம் சில நாள், பிறகு தன் வீட்டில் இரண்டு தடவை. அந்த இரண்டு தடவையும் ஒழுங்காக நாலு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவள் மனசு மாறியதில் முக்கால்வாசி அவன் எதிரில் இல்லாதபோது நடந்தது. அவன் எழுதிவைத்துவிட்டுப் போன கடிதம், அவன் வீட்டு வேலைக்காரர்கள் சொன்னது, சுவரில் மாட்டியிருந்த அவன் படம், அத்தை அனுப்பிய கடிதம், இவற்றை வைத்துக்கொண்டுதான் அவள் அவனைப் பற்றிய தன் பழைய தீர்ப்பைத் திருத்திக்கொண்டே போகிறாள்.

முதல் கட்சியை முதலில் பார்த்துவிடலாம். பக்கத்து ஊரான மெரிட்டனில் நடந்த நடன விருந்தில் நண்பன் பிங்லி 'அந்தப் பெண்ணோடு ஆடேன்' என்று வற்புறுத்த, டார்சி அவள் காதில் விழும் தூரத்திலேயே 'சுமார்தான், என்னைக் கவர்கிற அளவு அழகில்லை' என்று சொல்லிவிடுகிறான். அவள் அதைத் தோழிகளிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லித் திரிகிறாள். ஆனால் மறுநாளே, அவன் கர்வத்தை மன்னித்துவிடலாம், அவன் என் கர்வத்தில் கை வைக்காமல் இருந்திருந்தால் என்கிறாள். வலி எங்கே என்று அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிடுகிறது. அக்கா ஜேனுக்கு உடம்பு சரியில்லாமல் பிங்லியின் வீடான நெதர்ஃபீல்டில் தங்க நேரும்போது டார்சி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை எலிசபெத் கவனிக்கிறாள், கவனித்துவிட்டு, இந்த அறையில் இருக்கிறவர்களிலேயே என்னிடம்தான் ஏதோ குறை தெரிகிறது போலிருக்கிறது என்று முடிவு கட்டுகிறாள். அவன் மெச்ச வேண்டும் என்று கவலைப்படும் அளவுக்கு அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை என்று ஆஸ்டனே அந்த இடத்தில் எழுதிவிடுகிறார். கதாசிரியரே இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பிறகும் ரகசிய ஆசை என்று வாதாடுவது கொஞ்சம் பிடிவாதம்தான்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளலாம். அவன் விஷயத்தில் அவள் ஒருநாளும் அலட்சியமாக இருந்ததில்லை. வேறு யாரிடமும் காட்டாத வேகத்தோடு அவனிடம்தான் வாதம் செய்கிறாள், அவன் குணத்தை ஆராய்கிறாள், அவன் பேச்சை நினைவில் வைத்துக்கொள்கிறாள். ஆக, காதலுக்கு முன்னாலேயே கவனம் இருந்தது. பின்னால் திருத்துவதற்கு அவளிடம் சரக்கு இருந்ததே அந்தக் கவனத்தால்தான்.

இடையில் விக்கம் வருகிறான். பட்டாள உடுப்பு, நல்ல முகம், இனிமையான பேச்சு. பழகிய சூட்டோடு, டார்சி தன் பிழைப்பைக் கெடுத்துவிட்டதாக ஒரு கதை. அவள் அதை அப்படியே நம்புகிறாள். நம்புவது சுகமாக இருந்தது என்பதுதான் காரணம்.

அடுத்த ஏப்ரலில், அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்த ஹன்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் டார்சி தன் காதலைச் சொல்லும் காட்சி, மொத்தம் 61 அத்தியாயத்தில் 34-ஆவது. நாவலின் நடுவிலேயே கதாநாயகன் கேட்டுவிடுகிறான், கதாநாயகி மறுத்துவிடுகிறாள். மீதி நாவல் என்ன செய்யப்போகிறது என்று ஒரு வாசகர் நினைத்தால் அது நியாயம். அவன் கேட்கும் விதமும் அப்படி. உன் குடும்பம் தாழ்ந்தது, இது எனக்கு இழுக்கு, எவ்வளவோ போராடிப் பார்த்தேன், முடியவில்லை, ஆகவே என்னைக் கட்டிக்கொள் என்கிறான். அவள் வெளுத்து வாங்குகிறாள். அவன் போனதும் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுகிறாள். அந்த அழுகைக்குள்ளேயே, இப்படிப்பட்ட ஒருவன் தன்னை இத்தனை மாதமாக நேசித்திருக்கிறான் என்பதில் ஒரு சின்னத் திருப்தியும் எட்டிப்பார்க்கிறது. ஆஸ்டன் அதையும் மறைப்பதில்லை.

மறுநாள் காலை வழியில் நின்று ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான் டார்சி. இரண்டு தாள், நெருக்கி நெருக்கி எழுதியது, இடம் போதாமல் உறையின் மேலும் எழுதியிருக்கிறான். இந்தக் கடிதத்தை அவள் படிக்கும் 36-ஆவது அத்தியாயம்தான் என்னைப் பொறுத்தவரை முழு நாவலுக்கும் அச்சாணி. முதல் வாசிப்பில் அவளுக்கு எதுவும் ஏறவில்லை. அடுத்த வரி என்ன சொல்கிறதோ என்ற பரபரப்பில் கண்ணுக்கு முன்னால் இருக்கும் வரியின் பொருள் தப்பிப் போகிறது. ஒருவரையொருவர் விரும்பிய அக்காவையும் பிங்லியையும் பிரித்ததற்கு அவன் சொல்லும் காரணம் வெறும் திமிராகத் தெரிகிறது. அப்புறம் விக்கம் பற்றிய பகுதி: தேவாலயப் பதவிக்குப் பதிலாக அவன் பணம் வாங்கிக்கொண்டது, டார்சியின் தங்கை ஜார்ஜியானாவை, 15 வயதுப் பெண்ணை, அவள் பெயரில் இருந்த 30,000 பவுனுக்காக ராம்ஸ்கேட்டிலிருந்து அழைத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. பொய், எல்லாம் பொய், இனி இதைத் தொடவே மாட்டேன் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடம்தான். மறுபடி பிரித்துவிடுகிறாள்.

இரண்டாவது வாசிப்பில் அவள் செய்வது, ஒரு நீதிபதி பழைய வழக்கைத் திரும்ப எடுத்து விசாரிக்கிற வேலை. விக்கம் நல்லவன் என்பதற்கு என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது? முகமும் குரலும் பழகும் விதமும்தான். அவன் செய்த நல்ல காரியம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அறிமுகமான சூட்டோடு ஒரு அந்நியப் பெண்ணிடம் அத்தனை அந்தரங்கத்தைக் கொட்டினானே, அது முறையா? டார்சிக்குப் பயந்து நான் ஒதுங்க மாட்டேன் என்று சவால் விட்டவன் நெதர்ஃபீல்டு நடன விருந்துக்கு வராமல் ஏன் நழுவினான்? இவையெல்லாம் அவள் கண்ணெதிரே நடந்தவைதான், புதிதாக ஒன்றும் இல்லை. ஒருவன் என்னை மதித்தான் என்று குளிர்ந்துபோனேன், இன்னொருவன் மதிக்கவில்லை என்று கொதித்தேன், அதுதான் என் அறிவைக் கெடுத்தது, இந்த நிமிடம் வரை என்னையே எனக்குத் தெரியவில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். இரண்டு மணி நேரம் அந்தப் பாதையிலேயே நடந்துகொண்டிருக்கிறாள்.

இங்கே காதல் இல்லை. வெட்கம்தான் இருக்கிறது. 'அட, இவன் நல்லவனா!' என்பதை விட 'நான் இவ்வளவு முட்டாளா!' என்பதுதான் அவளை அசைக்கிறது. பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டு விடுகிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் ஆஸ்டன் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்: கடிதம் கிட்டத்தட்ட மனப்பாடம் ஆகிவிட்டது, ஒரு நேரம் கோபம், ஒரு நேரம் இரக்கம், அவன் நேசித்ததற்காக நன்றி, அவன் பொதுவான குணத்தின் மேல் மரியாதை, ஆனாலும் அவனை ஏற்றுக்கொள்ள முடியவில்லை, மறுத்ததில் ஒரு நொடி வருத்தமும் இல்லை, திரும்பப் பார்க்க வேண்டும் என்ற ஆசை துளியும் இல்லை. நன்றியும் மரியாதையும் வந்த பிறகும் காதல் வரவில்லை. அதற்கு இன்னும் ஏதோ வேண்டியிருக்கிறது.

அது என்ன என்பதற்கு 42-ஆவது அத்தியாயத்தின் தொடக்கம் ஒரு துப்புக் கொடுக்கிறது. மாமா அத்தையோடு ஊர் சுற்றிப் பார்க்கப் போய்ப் பெம்பர்லியை எட்டுவதற்குச் சரியாக முன்னால், சம்பந்தமே இல்லாதது போல, எலிசபெத்தின் அப்பா அம்மா கல்யாணத்தைப் பற்றி ஆஸ்டன் பேசுகிறார். இளமையிலும் அழகிலும் மயங்கிக் கட்டிக்கொண்ட பென்னட், மனைவியின் அறிவு இவ்வளவுதான் என்று தெரிந்ததும் மதிப்பை இழந்துவிடுகிறார். மரியாதையும் நம்பிக்கையும் ஒரேயடியாகப் போய்விடுகின்றன, மிச்சம் கிண்டல்தான். அந்த வீட்டில் வளர்ந்தவள் எலிசபெத். மரியாதை வைக்க முடியாத ஒருவரோடு வாழ்வது எப்படியிருக்கும் என்பதை இருபது வருடமாகச் சாப்பாட்டு மேசையில் பார்த்தவள். அன்றைய இங்கிலாந்தின் சட்டமும் இதோடு சேரும். கல்யாணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து என்று பெரிதாக எதுவும் நிற்காது, எல்லாம் கணவன் கைக்குப் போய்விடும். இது மாற 1870, 1882 சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பென்னட்டின் நிலம் ஆண்வாரிசுக்கே போகும் ஏற்பாட்டில் உறவுக்காரப் பாதிரியார் காலின்ஸுக்குச் சேரும், எலிசபெத்தின் பங்குக்கு வரக்கூடியது அம்மா காலத்துக்குப் பிறகு ஓர் ஆயிரம் பவுன். டார்சிக்கோ வருட வருமானம் 10,000. பணத்துக்குச் சம்மதிக்கிறவளாக இருந்தால் ஹன்ஸ்ஃபோர்டிலேயே காரியம் முடிந்திருக்கும்.

இதைத்தான் இரண்டாவது கட்சி மறந்துவிடுகிறது. அந்தக் கட்சிக்குப் பெரிய ஆள் பலம் உண்டு. வால்டர் ஸ்காட் 1816-இல் வெளிவந்த 'குவார்ட்டர்லி ரிவியூ' இதழில், ஆஸ்டனின் 'எம்மா'வைப் பற்றிப் பெயர் போடாமல் எழுதிய கட்டுரையில், தன்னை விரும்பியவனின் அழகான மாளிகையையும் தோட்டத்தையும் தற்செயலாகப் பார்க்கும் வரை இந்தப் பெண்ணுக்குத் தான் செய்தது முட்டாள்தனம் என்று தெரியவில்லை என்று கிண்டலாக எழுதிவிட்டார். அவருக்கு அடி எடுத்துக் கொடுத்ததே எலிசபெத்தான். கடைசியில் ஜேன் 'எப்போதிலிருந்து?' என்று கேட்கும்போது, 'கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, எப்போது ஆரம்பித்தது என்றே தெரியவில்லை, ஆனால் பெம்பர்லியின் அழகான தோட்டத்தை முதன்முதலாகப் பார்த்த நாளைச் சொல்லலாம்' என்கிறாள். உடனே ஜேன் 'விளையாடாதே, ஒழுங்காகச் சொல்' என்று கெஞ்சுகிறாள். அக்காவுக்குப் புரிந்த கேலி ஸ்காட்டுக்குப் புரியாமல் போனதா, புரிந்தும் ஒரு குத்து விட்டாரா தெரியாது.

ஆனால் அந்தக் கேலியில் பாதி உண்மை. பெம்பர்லி அவளுக்குச் சாட்சியம். டார்சியுடைய அம்மாவின் சகோதரி லேடி கேத்தரின் வீடு ரோசிங்ஸை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்; அங்கே கணப்புச் சட்டம் ஒன்றுக்கு மட்டும் 800 பவுன் ஆனதென்று காலின்ஸ் பெருமை பேசிய வீடு. பெம்பர்லியில் பகட்டு இல்லை, ஓடை இயற்கையாக ஓடுகிறது, கரையை யாரும் போலியாக ஜோடிக்கவில்லை, அறைகலன்கள் விலை உயர்ந்தவைதான், கண்ணைக் குத்தவில்லை. இதற்கெல்லாம் நான் எஜமானியாக இருந்திருக்கலாமே என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்கிறது, மனுஷிதானே. கூடவே, வந்திருந்தால் என் மாமாவையும் அத்தையையும் இங்கே அழைக்க விட்டிருப்பானா, மாட்டான் என்று அடுத்த நொடியே தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். மாமா கார்டினர் லண்டனில் வியாபாரம் செய்கிறவர், டார்சி வகையறா ஏளனம் செய்யும் ரகம்.

பிறகு வீட்டு நிர்வாகத்தைப் பார்க்கும் மிஸஸ் ரெய்னால்ட்ஸ் பேசுகிறாள். நாலு வயதிலிருந்து அவரைத் தெரியும், என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, குடியானவர்களில், வேலைக்காரர்களில் அவரை நல்லவர் என்று சொல்லாத ஆள் கிடையாது என்கிறாள். எலிசபெத்துக்கு ஆச்சரியம். இத்தனை பேருடைய நல்லது கெட்டது இந்த ஒருவன் கையில் இருக்கிறது, அண்ணனாக, நிலச்சுவான்தாராக, எஜமானனாக, என்று அப்போதுதான் உறைக்கிறது. மாடியில் அவன் ஓவியத்தின் முன் போய் நிற்கிறாள். அவன் முகத்தில் ஒரு புன்னகை. எப்போதாவது தன்னைப் பார்த்தபோது அவன் அப்படிச் சிரித்தது ஞாபகம் வருகிறது. நெதர்ஃபீல்டில் குறை கண்டுபிடிக்கிற பார்வை என்று தள்ளிவிட்டாளே, அதே பார்வைதான் இப்போது வேறு பொருளில் திரும்பி வருகிறது. பார்வை மாறவில்லை, படித்தவள் மாறியிருக்கிறாள்.

கீழே இறங்கி வெளியே வந்தால் குதிரை லாயத்துப் பக்கமிருந்து நிஜ டார்சியே வருகிறான். (1995-இல் பி.பி.சி. எடுத்த தொடரில் குளத்தில் குதித்து ஈரச் சட்டையோடு வருவார். நாவலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.) இரண்டு பேர் முகமும் சிவக்கிறது. அவன் அவளை எதிர்பார்க்கவில்லை, அதனால் அவன் காட்டும் மரியாதை ஒத்திகை பார்த்த நடிப்பாக இருக்க வழியில்லை. எந்த மாமாவை மதிக்க மாட்டான் என்று நினைத்தாளோ அவரையே வந்து மீன் பிடியுங்கள் என்று அழைக்கிறான், தூண்டிலும் தருகிறேன் என்கிறான். ஹன்ஸ்ஃபோர்டில் அவள் திட்டியது உள்ளே போயிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்.

அதற்கு அடுத்த நாள் இரவு பெம்பர்லிக்குப் பக்கத்து ஊரான லாம்டனின் விடுதியில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு மணி நேரம் படுத்தபடி தன் மனசைத் தானே பிரித்துப் பார்க்கிறாள். வெறுப்பா? அது போய் ரொம்ப நாளாகிவிட்டது. மரியாதை உண்டு, இன்றைக்குக் கேட்டதையெல்லாம் சேர்த்தால் அது இன்னும் நெருக்கமான ஒன்றாகியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் நன்றி. முன்பு நேசித்ததற்காக மட்டும் இல்லை, அவள் அத்தனை பேசியும் மன்னித்து இன்னும் நேசிப்பதற்காக. இவ்வளவும் சொல்லிவிட்டு ஆஸ்டன் காதல் என்று சீல் வைக்காமல் ஒரு கேள்வியில் நிறுத்துகிறார்: அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறாள், அந்த நன்மை தன் கையில் இருக்க வேண்டும் என்று எவ்வளவு தூரம் விரும்புகிறாள் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். ஒரு பெண் தன் உணர்ச்சியை இவ்வளவு நேர்மையாக எடை போடும் இடம் அந்தக் கால நாவல்களில் அபூர்வம். 1796–97-இல் இதன் முதல் வடிவத்தை எழுதியபோது ஆஸ்டனுக்கே ஏறக்குறைய எலிசபெத்தின் வயதுதான். அப்போது வைத்த பெயர் 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்'. அச்சில் வந்தது 1813-இல்.

பதில் வருவதற்குள் இடி விழுகிறது. கடைசித் தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போய்விட்டாள் என்று ஜேனிடமிருந்து கடிதம். அந்த நேரம் பார்த்து டார்சி உள்ளே வருகிறான், அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அவன் முகம் இறுகுகிறது, அறையில் நடக்கிறான். முடிந்தது, இந்தக் குடும்பத்தில் இனி எவன் சம்பந்தம் வைப்பான் என்று அவளுக்குத் தோன்றுகிறது. அந்த நொடியில்தான், எல்லாம் கைவிட்டுப் போன பிறகுதான், இவனை நேசித்திருக்க முடியும் என்று அவளுக்கு ஐயமில்லாமல் தெரிகிறது. ஆஸ்டன் உடனே வாசகரைப் பார்த்து ஒரு குறும்பு செய்கிறார்: மரியாதையிலும் நன்றியிலும் பிறக்கும் அன்பு இயற்கையில்லை என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, பார்த்தவுடன் பிறக்கும் காதலை இவள் விக்கமிடம் கொஞ்சம் முயன்று பார்த்தாள், அது விளங்கவில்லை, ஆகவே சுவாரசியம் குறைந்த இந்த வழிக்கு வந்தாள் என்று விட்டுவிடலாம்.

அப்புறம் வாரக்கணக்கில் டார்சி இல்லை. விக்கமின் ஆயிரம் பவுனுக்கும் மேற்பட்ட கடனை அடைத்து, லிடியாவுக்குத் தனியாக ஆயிரம் எழுதிவைத்து, விக்கமுக்குப் பட்டாளத்தில் பதவியும் வாங்கிக் கொடுத்து அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தவன் அவன்தான் என்பது லிடியா வாய்தவறி உளறியதாலும் அத்தையின் கடிதத்தாலும்தான் அவளுக்குத் தெரியவருகிறது. எனக்காகச் செய்தானோ என்று மனசு கிசுகிசுக்கிறது, விக்கமுக்குச் சகலையாவதற்கு எந்தத் தன்மானமுள்ளவன் சம்மதிப்பான் என்று அவளே அதை அடக்குகிறாள். தன்னை நினைத்தால் கூச்சம், அவனை நினைத்தால் பெருமை. மெரிட்டனில் காயப்பட்ட அவள் கர்வம் இப்போது அவன் சார்பில் நிமிர்ந்து நிற்கிறது.

இதற்குப் பிறகு வருவது சாதாரணக் காதல்தான், அசட்டுத்தனத்தோடு. பிங்லியோடு அவள் வீடான லாங்போர்னுக்கு வந்தவன் வாயே திறப்பதில்லை. விருந்து நாளில் அவள் காபி ஊற்றுகிறாள், அவன் தள்ளி நிற்கிறான். பக்கத்தில் வரலாமென்று பார்த்தால் ஒரு பெண் நாற்காலியை ஒட்டி நின்று 'ஆண்பிள்ளைகள் வந்து நம்மைப் பிரிக்க விடமாட்டேன்' என்று குசுகுசுக்கிறாள். அவன் யாரோடெல்லாம் பேசுகிறானோ அவர்கள் மேலெல்லாம் எலிசபெத்துக்குப் பொறாமை, யாருக்கும் காபி கொடுக்கப் பொறுமையில்லை, இப்படி அசடாகிவிட்டோமே என்று தன் மேலேயே எரிச்சல். எத்தனை தத்துவார்த்தமாக ஆரம்பித்த விசாரணை, காபிக் கோப்பையில் வந்து நிற்கிறது பாருங்கள்.

சம்மதம் சொல்லும் கட்டத்தில் அவள் வார்த்தைகளை ஆஸ்டன் நமக்குத் தருவதே இல்லை, மனசு மாறிவிட்டதென்று தெரிவித்தாள் என்று கடந்துவிடுகிறார். பலருக்கு இதில் ஏமாற்றம். எனக்கு இல்லை, ஏனென்றால் நிஜமான வாக்குமூலம் அப்பாவின் அறையில் வருகிறது. 'உனக்குப் பைத்தியமா? அவனைக் கண்டாலே ஆகாதே உனக்கு!' என்கிறார் பென்னட். முன்பெல்லாம் கொஞ்சம் அளந்து பேசியிருக்கக் கூடாதா என்று அவளுக்கு அப்போது தோன்றுகிறது. மரியாதை வைக்க முடியாதவனைக் கட்டிக்கொண்டு கஷ்டப்படாதே என்று அவர் சொல்லும்போது, தன் கல்யாணத்தைத்தான் சொல்கிறார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கண்ணீரோடு 'எனக்கு அவரைப் பிடிக்கும், நேசிக்கிறேன்' என்று சொல்லி, தன் எண்ணம் எப்படிப் படிப்படியாக மாறியது என்பதை விளக்கி, கடைசியில் லிடியாவுக்காக அவன் செய்ததையும் சொல்கிறாள். அப்பாவுக்கு ஒரே நிம்மதி. உன் மாமா கொடுத்திருந்தால் பணத்தைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும், காதலன் என்றால் பிரச்சினையே இல்லை, நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லுவேன், அவன் உன் மேல் இருக்கும் காதலைப் பற்றிக் கூச்சல் போடுவான், விஷயம் அதோடு தீர்ந்துவிடும் என்கிறார். அவள் கதவைத் தாண்டும்போது, மற்ற மகள்கள் மேரிக்கோ கிட்டிக்கோ யாராவது பையன்கள் வந்தால் உள்ளே அனுப்பு, நான் சும்மாதான் இருக்கிறேன் என்று வேறு சொல்லி அனுப்புகிறார்.